ஐவர்மலைக் கல்லும் வரகுணன் கதையும்

சரித்திரக் கதை எழுதுவது மிகவும் சுலபம் என்று நினைக்கிறவர்கள் நம் நாட்டில் அநேகர் இருக்கிறார்கள். ஓர் அரசன், அவனுக்கு அழகிய மகள் ஒருத்தி, அவளைக் காதலிக்கும் வீரன் ஒருவன், நள்ளிரவில் பாய்ந்து செல்லும் குதிரை ஒன்று, ஒரு சுரங்கப் பாதை, கொஞ்சம் நிலா வெளிச்சம் - இவ்வளவும் கைவசம் இருந்தால் போதும், ஐம்பது அத்தியாயங்களுக்குக் குறையாமல் எழுதித் தள்ளிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அரசனுக்குப் பாண்டியன் என்று பெயர் வைத்தால் பாண்டிய நாட்டுச் சரித்திரம். சோழன் என்று வைத்தால் சோழ நாட்டுச் சரித்திரம். பெயரை மாற்றினால் நாடும் மாறிவிடும். நாவல் மட்டும் மாறாது!

இத்தகைய கதைகளைப் படிப்பதில் பாவம் ஒன்றுமில்லை. ரயில் பிரயாணத்தின் அலுப்பைத் தீர்க்க அவை நல்ல மருந்து. ஆனால் ஒரு குறிப்பிட்ட மண்ணிலே வேர் விட்டு, அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வளர்ந்த சரித்திரக் கதை வேறு ஜாதிச் செடி. அதற்கு இரண்டு வகை உரம் வேண்டும். ஒன்று, கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்த சாசனம். மற்றொன்று, பாட்டி பேரனுக்குச் சொல்லி, அவன் தன் பேரனுக்குச் சொல்லி வந்த கர்ண பரம்பரைக் கதை. இவ்விரண்டும் ஒத்துப் போவது அபூர்வம். கல் ஒன்று சொல்லும். கதை வேறொன்று சொல்லும். அவை முரண்படுகிற அந்த இடம்தான் சரித்திர நாவலாசிரியனின் சொந்த நிலம் என்று நாம் கருதுகிறோம். இதை விளக்குவதற்குக் காஞ்சிக்கோ தஞ்சைக்கோ போக வேண்டியதில்லை. நம்முடைய திண்டுக்கல் சீமையிலேயே ஒரு மலை இருக்கிறது.

மலைக்கு வந்த பெயர்

திண்டுக்கல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஊர் நடுவே நிற்கும் கற்பாறையும் அதன் மேலுள்ள கோட்டையும்தான். மதுரை நாயக்கர்களும், ஹைதர் அலியும், திப்பு சுல்தானும், பிறகு கும்பெனிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கைப்பற்றி ஆண்ட கோட்டை அது. ஆகையால் நம் ஊர்ச் சரித்திரம் நாயக்கர் காலத்தில் தொடங்குகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். கோட்டை கட்டப்படுவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சமவெளியில் மக்கள் உழுதார்கள், வழிபட்டார்கள், போருக்குப் போனார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லும் இடங்களில் ஒன்று ஐவர்மலை.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் பழனிக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேற்கே பாப்பம்பட்டிப் பக்கம் போனால் இந்த மலை தென்படும். 'ஐவர்மலை என்று ஏன் பெயர் வந்தது?' என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும்: 'பஞ்சபாண்டவர் ஐந்து பேரும் வனவாசத்தின் போது இங்கே தங்கினார்கள் அல்லவா? அதனால்தான்!' அதற்கு ஏற்றாற்போல மலையிலே திரௌபதி அம்மனுக்குக் கோயிலும் இருக்கிறது.

இனிக் கல்லைக் கேட்போம். இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்றின் மேலே, பாறையின் முகப்பில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே வட்டெழுத்தில் சாசனங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இந்த மலையை 'திருவயிரை' என்று அழைக்கிறது. 'அயிரை' என்ற மலைப் பெயரோ சங்கச் செய்யுட்களிலேயே வருகிற மிகப் பழைய பெயர். அயிரை மலை என்று வழங்கியது, காலப்போக்கில் நாவின் வசதிக்கேற்பத் திரிந்து ஐவர்மலை ஆயிற்று என்று கொள்வதுதான் பொருத்தம். 'ஐவர்' என்று ஆன பிறகு, அந்த ஐவர் யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஐவர் என்றால் நம் நாட்டில் பாண்டவர்தான்! பாண்டவர் வந்து விட்டால் திரௌபதி வராமல் இருப்பாளா?

நேயர்கள் இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, கிராமத்து ஜனங்களின் அறியாமையை!' என்று சிரித்து விடக் கூடாது. பழைய பொருள் மறைந்துபோன ஒரு சொல்லுக்குப் புதிய பொருள் கொடுத்து, அதை மீண்டும் உயிர்ப்பித்த செயல் இது. சமண முனிவர்கள் மறைந்தார்கள். அவர்களுக்கு உணவளித்த வணிகர்களும் மறைந்தார்கள். ஆனால் மலை புனிதமானது என்ற நினைவு மட்டும் மறையவில்லை. அந்த நினைவு தங்குவதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. பாண்டவர் கதை அந்த வீடாக அமைந்தது. கர்ண பரம்பரைக் கதை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் காண விரும்பும் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

505 காணம் பொன்

அந்தச் சாசனம் சொல்லும் செய்தி சிறியதுதான். குணவீரக் குரவடிகள் என்ற முனிவரின் மாணாக்கர், காளம் என்ற ஊரைச் சேர்ந்த சாந்திவீரக் குரவர், இம்மலையிலுள்ள பார்சுவநாதரின் திருவுருவத்தையும் இயக்கியரின் உருவங்களையும் புதுப்பித்தார். பூசைக்கு இடைவிடாது அமுது படைப்பதற்கும், அடிகள் ஒருவருக்குச் சோறிடுவதற்கும் 505 காணம் பொன்னை மூலதனமாக வைத்தார். இவ்வளவுதான் செய்தி.

ஆனால் இந்தச் சிறு சாசனம் தமிழ் நாட்டுச் சரித்திர ஆராய்ச்சிக்குச் செய்த உதவி மிகப் பெரிது. அக்காலத்துப் பாண்டியர் கல்வெட்டுக்களில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். 'இன்ன மன்னனுக்கு ஐந்தாவது ஆண்டு' என்றால் அது எந்த நூற்றாண்டு என்று யார் கண்டது? ஐவர்மலையில் எழுத்து வெட்டியவர் வருங்காலத்து ஆராய்ச்சியாளர்களிடம் கருணை கொண்டவர் போலும்! வரகுண பாண்டியனுக்கு எட்டாவது ஆண்டு என்று சொன்னதோடு நில்லாமல், சக ஆண்டு 792 என்றும் சேர்த்து வெட்டி வைத்தார். சக ஆண்டு 792 என்பது கி. பி. 870. அப்படியானால் வரகுணன் பட்டத்துக்கு வந்தது 862-ஆம் ஆண்டை ஒட்டி என்பது ஐயமின்றிப் புலனாகிறது. இடைக்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு இது ஒரு நங்கூரம். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும், தி. வை. சதாசிவ பண்டாரத்தாரும் பாண்டியர் வரலாற்றை வகுத்தபோது கால வரிசை நிலைபெறத் துணை நின்ற சாசனங்களில் இது முக்கியமானது. மதுரை அரண்மனை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த அரண்மனையில் இருந்தவனின் காலத்தை நமக்குச் சொன்னது, நம் சீமையில் ஒரு துறவிக்குச் சோறு போட வைத்த பொன்னின் கணக்கு!

கீழ வாசலில் காத்திருக்கும் பிரமஹத்தி

இந்த வரகுணன் பெயரில் நம் நாட்டில் வழங்கும் கதையோ முற்றிலும் வேறு. திருவிளையாடற் புராணத்தில் அது விரிவாகக் கூறப்பட்டிருக்கிறது. பாண்டியன் வேட்டையாடிவிட்டு இருளில் குதிரை மேல் திரும்பி வருகிறான். வழியில் உறங்கிக் கிடந்த ஓர் அந்தணன் குதிரையின் குளம்பில் மிதிபட்டு இறந்து போகிறான். அரசன் அறியாமல் நேர்ந்த பிழைதான். ஆயினும் பிரமஹத்தி அவனைப் பற்றிக் கொள்கிறது. தானம் செய்தும் தவம் செய்தும் அது விலகவில்லை. சோழனோடு போர் மூளும். தோற்றோடுகிறவனைத் துரத்திக்கொண்டு திருவிடைமருதூர் செல்வாய். அங்கே உன் துயர் தீரும் என்று ஆலவாய் இறைவன் அருள்கிறார். அவ்வாறே வரகுணன் மருதூர்க் கோயிலின் கிழக்கு வாயிலில் நுழைகிறான். பிரமஹத்தி வாசலோடு நின்று விடுகிறது. அரசன் மேற்கு வாயில் வழியாக வெளியேறி விடுகிறான். பிரமஹத்தி இன்றைக்கும் கீழ வாசலில் காத்துக் கொண்டிருக்கிறது என்பது ஐதிகம். ஆகவே அந்த வழியாக உள்ளே போகிறவர்கள் அந்த வழியாகத் திரும்பக் கூடாது என்று சொல்வார்கள்.

வரகுணன் என்ற பெயரோடு பாண்டியர் இருவர் ஆண்டிருக்கிறார்கள். இந்தக் கதை எவரைப் பற்றியது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. நாவலாசிரியன் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கவனிக்க வேண்டியது வேறு.

ஐவர்மலைச் சாசனத்தில் பேசப்படும் இரண்டாம் வரகுணன், 880-ஆம் ஆண்டையொட்டிக் குடந்தைக்கு அருகிலுள்ள திருப்புறம்பியத்தில் பெரும் போர் ஒன்று நடத்தினான். பல்லவ அபராஜிதனும் கங்க மன்னன் பிருதிவீபதியும் எதிர் அணியில் நின்றார்கள். பிருதிவீபதி போர்க்களத்தில் உயிர் துறந்தான். ஆனால் வெற்றி அவன் பக்கத்துக்கே கிடைத்தது. பாண்டியன் தோற்றான். அந்தத் தோல்வியே பிற்காலச் சோழர்கள் தலையெடுப்பதற்கு வழி திறந்தது. திருவிடைமருதூரும் திருப்புறம்பியமும் அதே காவேரிச் சீமையைச் சேர்ந்தவைதான்.

போரைப் பற்றிச் சாசனங்கள் பேசும் தோரணையை நேயர்கள் கவனித்திருக்கலாம். யானைகள் வீழ்ந்தன, குருதி வெள்ளம் ஓடியது, பகைவர் புறங்கொடுத்தனர் என்று பெருமிதத்தோடு அடுக்கிக் கொண்டு போகும். கல்வெட்டு ஆயிரம் பேர் மடிந்ததைப் புகழாகச் சொல்கிறது. கதையோ ஒருவன் மடிந்ததைப் பழியாகச் சொல்கிறது. எத்தனை கோவில்களுக்கு எத்தனை பொற்காசு கொடுத்தாலும், வழியிலே மிதிபட்ட ஓர் உயிருக்கு அரசன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று நம் முன்னோர் கதை கட்டினார்கள். மெய்க்கீர்த்தி எழுதிய புலவன் சொல்லத் துணியாத விஷயத்தை, பெயர் தெரியாத ஒரு கதைசொல்லி சொல்லி விட்டான். இதைப் 'பொய்க் கதை' என்று ஒதுக்குகிறவன் நல்ல ஆராய்ச்சியாளனாக இருக்கலாம். ஆனால் அவனால் நாவல் எழுத முடியாது.

கதை சொல்லிக் கல் ஆமோதித்தது

கதைகள் மனச்சாட்சியைப் பற்றி மட்டுமே உண்மை சொல்லும், நடந்ததைப் பற்றிச் சொல்லா என்று நினைப்பதும் தவறு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பெரிய புராணம் பாடியபோது, சிறுத்தொண்டர் துறவு பூணும் முன் பரஞ்சோதி என்ற பெயரில் சேனாபதியாக இருந்து, வாதாபி நகரத்தைத் துகளாக்கினார் என்று குறிப்பிட்டார். அந்தப் போர் நடந்தது 642-ஆம் ஆண்டில்; சேக்கிழாருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால்! பக்தர் கதைதானே என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் வாதாபியின் பாறை ஒன்றிலேயே பல்லவ நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. கதை சொன்னதற்குக் கல் தலையாட்டியது.

கடல் கடந்த நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. வட துருவத்துக்கு அருகிலுள்ள ஐஸ்லாந்துத் தீவிலே 'ஸாகா' என்ற வசனக் கதைகள் உண்டு. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில், அதாவது நம் வரகுணன் காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னாலும், அத்தீவில் குடியேறிய குடும்பங்களின் கதைகள் அவை. பல தலைமுறைகள் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுத்தில் ஏறின. அவற்றுள் இரண்டு, தம்மவர் மேற்கே கப்பலோட்டி 'வின்லாந்து' என்ற தேசத்தைக் கண்டதாகக் கூறுகின்றன. இது வெறும் கற்பனையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதியவர் பலர். 1960-ஆம் ஆண்டில் ஹெல்கே இங்ஸ்டாட் என்பவரும் அவர் மனைவி ஆன் ஸ்டீனும் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் அம்மக்களின் குடியிருப்பு அடித்தளங்களைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021-ல் விஞ்ஞானிகள் நிர்ணயித்தார்கள். தஞ்சையிலே இராஜேந்திர சோழன் ஆண்டு கொண்டிருந்த காலம் அது.

அதே வடநாட்டுப் பழங்கதைகளில் ஊறி வளர்ந்தவர் நார்வே தேசத்து எழுத்தாளர் ஸீக்ரித் உன்ஸெட் அம்மையார். பதினான்காம் நூற்றாண்டு நார்வேயைக் களமாகக் கொண்டு, 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக ஒரு நாவல் எழுதினார். 1928-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கதாநாயகி அரசகுமாரி அல்ல. பண்ணைக்காரர் ஒருவரின் மகள். அவள் மணம் செய்து கொள்கிறாள், பிள்ளைகளைப் பெறுகிறாள், பண்ணையை நிர்வகிக்கிறாள், தான் செய்த காரியங்களை நினைத்து வருந்துகிறாள். சரித்திர நாவலுக்குச் சிங்காசனம் அவசியமில்லை, அடுப்பங்கரையும் களத்து மேடும் போதும் என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

கல்கி காட்டிய எல்லை

தமிழிலே சரித்திர நாவல் 1895-ல் திருகோணமலை தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி'யோடு தொடங்கியது. ஆயினும் அது வீட்டுக்கு வீடு புகுந்தது கல்கியின் காலத்தில்தான். 1941-ல் தொடங்கிய 'கல்கி' பத்திரிகையில் 'பார்த்திபன் கனவு' வந்தது. பிறகு 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்'. 1950-ல் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேல் நடந்த 'பொன்னியின் செல்வன்'. மணியம் அவர்களின் சித்திரங்களோடு வாரந்தோறும் அது வந்தபோது, வீட்டில் முதலில் படிப்பது யார் என்ற போட்டி சோழ சிங்காசனப் போட்டிக்குச் சற்றும் குறைந்ததாக இருக்கவில்லை என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கல்கி எங்கே கல்லைக் கேட்டார், எங்கே கற்பனையை அழைத்தார் என்று கவனித்தால் அவர் வகுத்துக் கொண்ட எல்லை விளங்கும். வந்தியத்தேவன் என்ற பெயர் தஞ்சைப் பெரிய கோயில் சாசனத்தில், குந்தவைப் பிராட்டியாரின் கணவர் பெயராக வருகிறது. அவருடைய குறும்பும் வீரமும் கல்கியின் சிருஷ்டி. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் சாசனம், சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் உட்படப் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்திலே கல்கி நந்தினியை நிறுத்தினார். சாசனம் பெயர் குறித்தவர்களை அவர் நிரபராதிகளாக்கவில்லை. சாசனம் பேசாத இடத்தில்தான் புதிய பாத்திரத்தைப் பேச வைத்தார். அப்படியும், உயிரைப் போக்கிய கை யாருடையது என்பதை ஐயத்திலேயே விட்டார்.

இந்த எல்லை முக்கியமானது. ஏன் என்பதற்கு நம் வகுப்பறை அநுபவம் ஒன்றைச் சொல்லலாம். திரைப்படமாகவும் 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகப் 'பொன்னியின் செல்வன்' வந்த பிறகு, சோழர் பாடம் நடத்துவது நமக்கு மிகவும் சுலபமாகிவிட்டது. மிகவும் கஷ்டமாகவும் ஆகிவிட்டது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை அகல விரித்துக் கேட்கிறார்கள். ஆனால் பரீட்சைத் தாளில், கரிகாலன் இறப்புக்குக் காரணம் நந்தினி என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நாம் உடையார்குடிச் செய்தியை எடுத்துச் சொன்னதும், "அப்படின்னா நந்தினி பொய்யா, ஸார்?" என்று கேட்டாள். அவள் குரலில் நெருங்கிய சிநேகிதியைப் பறிகொடுத்த துக்கம் இருந்தது. "பொய் இல்லை, அம்மா, கதை. பொய் சொல்கிறவன் தான் சொல்வது கதை என்று ஒப்புக் கொள்ள மாட்டான். கல்கி ஒப்புக் கொண்டிருக்கிறார்" என்று பதில் சொன்னோம்.

எல்லா எழுத்தாளரும் அப்படி ஒப்புக் கொள்வதில்லை என்பதே நம் கவலை. தங்கள் ஊர், தங்கள் குலம், தங்கள் சமயம் ஆகியவற்றின் பெருமைக்காகப் பழைய மன்னர்களைப் பங்கு போட்டுக் கொள்ளும் வழக்கம் நாட்டில் பெருகி வருகிறது. கதையைச் சரித்திரம் என்று சொல்லி விற்கிறவன், வாங்குகிறவனுடைய பிள்ளைகளை ஏமாற்றுகிறான். தேசத்தின் மீது அன்பு வைப்பதற்குப் பொய்யின் துணை தேவையில்லை. ஒரே வரகுணன் பெயரால் திருச்செந்தூர் முருகனுக்கு 1400 பொற்காசு வழங்கப்பட்டதைக் கல்வெட்டுச் சொல்கிறது. அவன் ஆட்சியாண்டைக் குறித்தே சமணத் துறவி ஒருவர் ஐவர்மலையில் அறக்கட்டளை வைத்தார். அந்த நாடு அவ்விரண்டுக்கும் இடம் கொடுத்தது. இந்த உண்மையை விடப் பெருமையான கற்பனை எது?

எழுதப் போகிறவர்களுக்கு

நம் சீமை கதாசிரியர்களுக்குப் பஞ்சமில்லாத சீமை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமய்யர் வத்தலக்குண்டைச் சேர்ந்தவர். 'மணிக்கொடி' பி. எஸ். ராமையாவும், 'வாடிவாசல்' எழுதிய சி. சு. செல்லப்பாவும் அதே ஊர்க்காரர்கள். ஆனால் தமிழர் வீடுகளில் பெரும் புகழ் பெற்ற சரித்திர நாவல்கள் காவேரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் நடக்கின்றன. குடகனாற்றங்கரைக்கு அவை வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முன்வரும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் சில வார்த்தைகள்.

முதலாவது, அக்காலத்து வாழ்க்கையை அறிந்து எழுதுங்கள். திண்டுக்கல் என்றால் புகையிலை என்பது உலகறிந்த விஷயம். ஆனால் வரகுணன் காலத்து வீரன் சுருட்டுப் பிடிக்க முடியாது; புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்தது, கொலம்பஸ் அங்கே போனது 1492-ல். அதே காரணத்தால் அவன் வீட்டுக் குழம்பில் மிளகாயும் இல்லை, தக்காளியும் இல்லை, மிளகுதான் காரம். தோட்டத்தில் நிலக்கடலை கிடையாது. மலைச்சரிவில் காப்பிச் செடி கிடையாது. அவன் மதுரைக்குப் போனால் இன்றைய வானளாவிய கோபுரங்களைப் பார்த்து வியக்க முடியாது, அவை பிற்காலத்தவை. காதலி அனுப்பிய ஓலையை அவன் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது வட்டெழுத்து. படம் வரையும் ஓவியரும் இதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

இரண்டாவது, கல் பேசும் இடத்தில் அதை மறுத்துப் பேசாதீர்கள். கல் மௌனமாக இருக்கும் இடத்தில் தாராளமாகப் பேசுங்கள். ஐவர்மலைச் சாசனத்தையே பாருங்கள். அறக்கட்டளைக்கு வைத்த பொன் 505 காணம். ஐந்நூறு என்றால் முழுத் தொகை. யாரோ செல்வர்கள் சேர்ந்து கொடுத்திருக்கலாம். மேலே அந்த ஐந்து காணம் எங்கிருந்து வந்தது? கடைசி நாளிலே ஓடி வந்து கொடுத்தது யார்? கணவனைப் போரில் இழந்த ஒருத்தியா? உருவங்களைச் செதுக்கிய தச்சனே தன் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தானா? கல் சொல்லவில்லை; நாம் கற்பனை செய்வதைத் தடுக்கவும் இல்லை. ஐந்நூறு காணம் சரித்திராசிரியனுக்கு. அந்த ஐந்து காணம் நாவலாசிரியனுக்கு.

மூன்றாவது, அரசனையே சுற்றிச் சுற்றி வராதீர்கள். திண்டுக்கல்லுக்கு அருகே இராமநாதபுரம் என்ற சிற்றூரில் ஒரு பழைய பாண்டியர் கல்வெட்டு உண்டு. பராந்தகப் பள்ளிவேளான் என்ற நக்கம்புள்ளன் என்பவர், பாண்டியன் சோழ நாட்டு இடவையின் மேல் படையெடுத்தபோது உடன் சென்ற செய்தி அதிலே வருகிறது. நம் சமவெளியில் பெயர் பொறித்துக் கொண்ட ஒரு மனிதர், காவேரிச் சீமைப் போர் வரையில் போயிருக்கிறார்! அவர் போன பிறகு அவர் வீட்டில் விளக்கேற்றியவள் யார்? ஏரிக்கு மடை திறக்கும் முறை வந்தபோது அவர் வயலைக் கவனித்தவர் யார்? திரும்பி வந்தவருடைய உறக்கத்தில், வழியிலே மிதிபட்டவர்களின் முகங்கள் தோன்றினவா? அரசனுக்கு மட்டும்தானா பிரமஹத்தி? இந்தக் கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு மனசாரப் பதில் எழுதினால், அது திருவிளையாடற் கதைக்கும் ஐவர்மலைச் சாசனத்துக்கும் ஒருங்கே வாரிசான நாவலாக இருக்கும்.

கடைசியாக, எழுதாத நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பழனிக்குப் போகும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்கள் இன்னும் சற்று மேற்கே போய், பிள்ளைகளை ஐவர்மலைக்கும் அழைத்துச் செல்லலாம். பாறையில் தங்கள் பெயரைக் கிறுக்க வேண்டாம். அங்கே ஏற்கனவே எழுதியிருப்பவர்கள் பதினொன்றரை நூற்றாண்டுகளாக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் வயதான அம்மாள் யாரேனும் பாண்டவர் கதையைச் சொன்னால் குறுக்கிடாமல் முழுதும் கேளுங்கள். கேட்ட பிறகு, பிள்ளைகளுக்குச் சாந்திவீரக் குரவரின் கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளர்கிற குழந்தைகளில் ஒன்று, 'அந்த ஐந்து காணம் யாருடையது?' என்று என்றேனும் ஒரு நாள் கேட்கும். நம் சீமையின் சரித்திர நாவல் அன்றைக்குத் தொடங்கும்.